எதையும் தயாரிக்காத தொழில் எதைக் குறைப்பது?

மதுரையில் 40 அறை கொண்ட லாட்ஜும், அதன் தரைத்தளத்தில் ஒரு சைவ ஹோட்டலும் நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். “நாங்கள் எதையும் தயாரிப்பதில்லை. புகைபோக்கி கிடையாது, சாயக்கழிவு கிடையாது. எங்களைப் போன்ற சேவைத் தொழில்கள் சுற்றுச்சூழலுக்காகப் புதுமையாக என்ன செய்துவிட முடியும்? மாடியில் சோலார் போடச் சொல்கிறார்கள், அது போதுமா?” என்பது உங்கள் கேள்வி. சோலார் பற்றிய பகுதிக்குப் பதில் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். ஏதாவது ஒரு கருவியை வாங்கி மாட்டினால் இது தீர்ந்துவிடுமா, இல்லை தொழில் நடத்தும் விதத்திலேயே கை வைக்க வேண்டுமா? கை வைத்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரா? இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்லப் போகிறேன்.

நான் 22 வருடமாக எரிசக்தித் தணிக்கை செய்கிறேன். லாட்ஜ், ஹோட்டல், மருத்துவமனை, கல்யாண மண்டபம், சலவை நிலையம் என்று பெரும்பாலும் சேவைத் தொழில்கள்தான். கரண்ட் பில், கேஸ் சிலிண்டர், தண்ணீர் லாரி, ஏ.சி. ஆகியவற்றில் நான் சொல்வதை நம்பலாம். ஆனால் நான் பார்த்த கட்டடங்கள் அத்தனையும் வெயில் ஊர்க் கட்டடங்கள். ஊட்டியில் ரிசார்ட் நடத்துகிறவருக்கு இதில் பாதி பொருந்தாது. மருத்துவத்தைத் தொட்டு ஒரு உதாரணம் சொல்லப் போகிறேன். அதில் நோய்த்தொற்று சம்பந்தமான விஷயங்களை அந்தத் துறை மருத்துவர்கள் வெளியிட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் சோலார். 1 கிலோவாட் பேனலுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். உங்கள் மாடி 2,500 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரூம், துணி காயப்போடும் கொடி, டிஷ் ஆன்டெனா எல்லாம் போக 15 கிலோவாட் போடலாம். நாளுக்கு 60 யூனிட். இப்போது அறைகளைப் பாருங்கள். 30 அறையில் ஆள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றரை டன் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால், ஒரு அறைக்கு 8 முதல் 10 யூனிட் ஆகும். ஏ.சி.க்கு மட்டும் சராசரியாக 270 யூனிட். அதுவும் சூரியன் இல்லாத நேரத்தில். சோலார் போடுங்கள், நல்ல முதலீடுதான். ஆனால் நான்கில் ஒரு பங்கைக்கூட அது ஈடுகட்டாது. மிச்சத்தை எங்கே தேடுவது என்பதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனையைத்தான் சொல்கிறேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கையுடன் தொடங்கியது. மருத்துவமனை என்பதும் சேவைத் தொழில்தான். அதுவும் குப்பை மிக அதிகமாக உண்டாகும் சேவை. அங்கே நடக்கும் ஒரு பாகோ (சிறு துளை வழியாகக் கண்புரையைக் கரைத்து எடுக்கும்) அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு 2017இல் வெளியிட்டார்கள். ஒரு கண்ணுக்குச் சுமார் 6 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பிரிட்டனில் அதே சிகிச்சைக்கு ஆவதில் இது ஏறத்தாழ 20இல் 1 பங்கு. ஒரு அறுவைக்கு உண்டாகும் குப்பை கால் கிலோ அளவுதான். நாட்டுக்கு நாடு மின்சாரமும் கட்டடமும் வேறுபடும், அதனால் அந்த 20 மடங்கைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வித்தியாசம் மிகப் பெரிது என்பதில் சந்தேகமில்லை.

இதை எப்படிச் சாதித்தார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். ஒரே அறுவை அரங்கில் இரண்டு மேசைகள். ஒன்றில் டாக்டர் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுகிறார்கள். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்புகிறார்கள். ஏ.சி., விளக்கு, ஆள், நேரம் எதுவும் சும்மா நிற்பதில்லை. கருவிகளைத் தூக்கிப் போடாமல் விரைவாகக் கிருமிநீக்கம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சொட்டு மருந்து பாட்டிலை ஒரே நோயாளிக்குப் போட்டு மிச்சத்தைக் கொட்டுவதில்லை. கிராமங்களில் சிறு பார்வை மையங்களை வைத்து, பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதிக்க, டாக்டர் வீடியோ வழியாகப் பார்க்கிறார். அதனால் கண்ணாடி மட்டுமே தேவைப்படுகிறவர் பஸ் ஏறி டவுனுக்கு வர வேண்டியதில்லை.

இப்படிச் சிக்கனம் பிடித்தால் தொற்று வராதா என்று கேட்பது நியாயம். அந்த மருத்துவர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் விவரங்களை 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள். அறுவையின் முடிவில் கண்ணுக்குள் ஒரு ஆன்டிபயாடிக் செலுத்தும் முறையைக் கொண்டுவந்த பிறகு, உள்கண் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருக்கிறது. வளர்ந்த நாடுகளின் கணக்கோடு ஒப்பிட்டால் இது எந்த விதத்திலும் மோசமில்லை. அதற்காக எல்லா மருத்துவமனைகளும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பின்பற்றலாம் என்று நான் சொல்ல வரவில்லை. தினமும் அதே வேலையைச் செய்யும் பழகிய கைகளும், ஒவ்வொரு தொற்றையும் பதிவு செய்யும் ஒழுங்கும் இருப்பதால்தான் அங்கே இது நடக்கிறது.

இதில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் கார்பனைக் குறைக்க வேண்டும் என்று கிளம்பவில்லை. ஏழைகளுக்குப் பார்வை கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு கண்ணுக்கு ஆகும் செலவையும் நேரத்தையும் குறைக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். சேவை நடக்கும் முறையை ஒவ்வொரு அசைவாக எடுத்துப் பார்த்து மாற்றினார்கள். சுற்றுச்சூழல் நன்மை அதோடு சேர்ந்து வந்தது. ‘ஒரு கண்ணுக்கு எவ்வளவு’ என்று அவர்கள் கேட்டதுபோல, ‘ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு யூனிட்’, ‘ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு கேஸ், எவ்வளவு குப்பை’ என்று நீங்கள் கேட்கத் தொடங்க வேண்டும். மாத பில்லை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. சித்திரைத் திருவிழா மாதத்தில் பில் ஏறும், ஆடியில் இறங்கும். மொத்த யூனிட்டை, ஆள் தங்கிய அறை-இரவுகளால் (ஒரு அறையில் ஒரு ராத்திரி ஆள் தங்கினால் ஒன்று) வகுத்துப் பாருங்கள். லெட்ஜரில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்.

தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். சில வருடங்களுக்கு முன் 52 அறை லாட்ஜ் ஒன்றுக்குப் போயிருந்தேன். முதலாளி என்னை அழைத்தது கரண்ட் பில்லுக்காக. நான் ராத்திரி தங்கினேன். 2 மணிக்கு மோட்டாரை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு, வாட்ச்மேனோடு மாடி ஏறி, ஓவர்ஹெட் டேங்கில் ஒரு மூங்கில் குச்சியை விட்டு ஈரம் பட்ட இடத்தில் பேனாவால் கோடு போட்டோம். 4 மணிக்குத் திரும்பப் பார்த்தால் தண்ணீர் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. தொட்டி 10 அடிக்கு 8 அடி. ஒரு அங்குலம் என்றால் சுமார் 190 லிட்டர். ஊரே தூங்கும் நேரத்தில், மணிக்கு 190 லிட்டர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளுக்கு 4,500 லிட்டர். கிட்டத்தட்ட மூன்று நாளுக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி. காலையில் ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்கிலும் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, கால் மணி நேரம் யாரையும் தொடவிடாமல் காத்திருந்தோம். ஏழு கக்கூஸில் கோப்பைக்குள் ஆரஞ்சு நிறம் இறங்கியது. தேய்ந்த வாஷர்தான். ஏழுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு லாரித் தண்ணீர் விலைகூட இல்லை. அந்த முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனை நாள் நான் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்” என்றார். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ராத்திரிச் சோதனையை மாதம் ஒரு முறை செய்வதை வாட்ச்மேனின் வேலையாக்கி, அதற்குத் தனியாக ஒரு தொகையும் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டைத்தான் நான் புதுமை என்று சொல்வேன்.

2019 ஜூன் மாதம் சென்னையில் ஏரிகள் வறண்டபோது சேவைத் தொழில்கள்தான் முதலில் தடுமாறின. சில ஹோட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. தயாரிப்பாளருக்குக் கிடங்கில் சரக்கு இருக்கும், நமக்கு அப்படி இல்லை. தண்ணீர் இல்லாத ராத்திரியில் காலியாகக் கிடந்த அறையை மறுநாள் விற்க முடியாது. தண்ணீரை முதலில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாவிட்டால் உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பது. சேவைத் தொழிலின் சுற்றுச்சூழல் பாரத்தில் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கேட்காமலே தினமும் பெட்ஷீட் மாற்றுவது, கேட்காமலே தண்ணீர் பாட்டில் வைப்பது, செக்-இன் ஆகும் முன்பே ஏ.சி.யை 18இல் போட்டு வைப்பது. யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் எவரோ ஆரம்பித்தது, வழக்கமாகிவிட்டது.

‘சுற்றுச்சூழலைக் காக்க டவலைத் திரும்பப் பயன்படுத்துங்கள்’ என்ற அட்டையை எல்லா ஹோட்டலிலும் பார்த்திருப்பீர்கள். மற்ற எதையும் மாற்றாமல் இந்த அட்டையை மட்டும் வைக்கும் ஹோட்டல்களைக் கண்டித்து, ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் 1986இல் எழுதியபோதுதான் ‘கிரீன்வாஷ்’ (பசுமை வேஷம்) என்ற சொல்லே பிறந்தது. அட்டையில் என்ன எழுதினால் ஆட்கள் கேட்பார்கள் என்று 2008இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற வழக்கமான வாசகத்துக்கு 37 சதவீதம் பேர் இணங்கினார்கள். ‘இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலானோர் டவலைத் திரும்பப் பயன்படுத்தினார்கள்’ என்று எழுதியபோது அது 49 சதவீதமாக ஏறியது. ஆனால் ஜெர்மனியில் இதையே பின்னர் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே வாசகத்தின் சக்தியை நான் பெரிதாக நம்ப மாட்டேன். வழக்கத்தையே மாற்றுவது அதைவிட உறுதியான வழி. ‘பெட்ஷீட், டவல் மூன்றாம் நாள் மாற்றுவோம். முன்பே வேண்டுமென்றால் ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உடனே மாற்றித் தருகிறோம்’ என்று செக்-இன் நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். நான் பார்த்த லாட்ஜ்களில் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவை ஒன்றிரண்டு ராத்திரி தங்குபவர்கள் வரும் லாட்ஜ்கள். உங்களுடையதிலும் எல்லோரும் மீனாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு மறுநாளே கிளம்புகிறவர்கள் என்றால் இதில் பெரிய மிச்சம் வராது. அப்போது சலவைக்காரரிடம் பேசுவதுதான் பலன் தரும். கடைசி அலசல் தண்ணீரை அடுத்த லோடின் முதல் அலசலுக்குப் பயன்படுத்த ஒரு தொட்டியும் சிறு பம்பும் போதும். அந்தச் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாமே.

ஏ.சி. விஷயத்தில் 24 டிகிரி என்பது நல்ல தொடக்கம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. அறைகளில் எனக்குக் கிடைத்த அளவுகளும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மேலே 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றும் சுற்றினால் 24 யாருக்கும் புழுங்காது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இது பலருக்கும் தெரியும்.

ஏ.சி. மெக்கானிக்குடன் நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தைப் பலரும் யோசிப்பதில்லை. வழக்கமாக எப்படி நடக்கிறது? கூலிங் இல்லை என்று போன் போகிறது. மெக்கானிக் வருகிறார், கேஸ் குறைந்திருக்கிறது என்று நிரப்பிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறார். நான்கு மாதத்தில் மறுபடி அதே அறை, அதே போன். ஏ.சி. கேஸ் தீர்ந்துபோகும் பொருளல்ல. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். குழாய் இணைப்பில் உள்ள ஃப்ளேர் நட் தளர்ந்திருக்கும், காயிலில் அரிப்பு இருக்கும். ஆனால் கசிவைத் தேடி அடைப்பதற்கு அவருக்குக் காசு கிடையாது, நிரப்புவதற்குத்தான் காசு. பழைய ஆர்-22 கேஸ் 1 கிலோ காற்றில் கலந்தால், அது 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுவதற்குச் சமம். ஆர்-410ஏ அதைவிட மோசம், 2,088. ஆர்-32 என்றால் 675. நம் நாட்டு மின்சாரத்தில் 1 யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தால், ஒரு கிலோ ஆர்-22 கசிவு 2,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மாடியில் 15 கிலோவாட் சோலார் போட்டு 40 நாளில் எடுப்பதை, ஒரு தளர்ந்த நட்டு சத்தமில்லாமல் அழித்துவிடும்.

அதனால் ஒப்பந்தத்தைத் திருப்பிப் போடுங்கள். ‘ஒரு ஏ.சி.க்கு வருடத்துக்கு இவ்வளவு. சர்வீஸ், கேஸ், வருகை எல்லாம் அதற்குள். அறை குளிர வேண்டும், அவ்வளவுதான்’ என்று பேசுங்கள். கூலி கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள். இப்போது கேஸ் கசிந்தால் நஷ்டம் மெக்கானிக்குக்கு. அடுத்த முறை அவரே சோப்பு நுரையோடு வந்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்ப்பார். உலகத்தில் பெரிய நிறுவனங்கள் இதைத்தான் வேறு அளவில் செய்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் 2015இல் பிலிப்ஸ் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், விளக்குகளை வாங்காமல் வெளிச்சத்துக்கு மட்டும் காசு கொடுக்க ஒப்புக்கொண்டது. விளக்கு பிலிப்ஸுக்கே சொந்தம் என்பதால் அது நீடித்து உழைப்பதில் பிலிப்ஸுக்கு அக்கறை வந்துவிட்டது. இந்த யோசனைக்கு மாடி முழுக்கப் புது சாதனம் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாளும் நம்பிக்கையான மெக்கானிக்கும் போதும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: 12 வருடப் பழைய ஏ.சி.களை இப்படி ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. முதலில் அவற்றை ஓரளவு சரிசெய்து கொடுத்துவிட்டுப் பேசுங்கள். ஓய்வு கொடுக்கும் ஏ.சி.யிலிருந்து கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இனி சமையல்கட்டு. குப்பையை மூன்று பக்கெட்டாகப் பிரித்து, ஒரு வாரம் தராசில் போட்டு எழுதுங்கள். காய்கறி நறுக்கியது ஒன்று, சமைத்து விற்காமல் மிஞ்சியது ஒன்று, சாப்பிட்டவர் இலையிலும் தட்டிலும் விட்டது ஒன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒரு டிபன் ஹோட்டலில் மூன்றாவது பக்கெட்தான் கனமாக இருந்தது. கையை விட்டுக் கிளறிப் பார்த்தபோது இட்லியோ தோசையோ அதிகமில்லை, தேங்காய்ச் சட்னி. இட்லி வைத்த கையோடு மூன்று சட்னியையும் கேட்காமல் ஒரு கரண்டி ஊற்றுவது அங்கே வழக்கம். தேங்காயை உடைத்து, துருவி, கிரைண்டரில் அரைத்து, தாளித்து, கடைசியில் தட்டைக் கழுவும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சின்னக் கரண்டிக்கு மாற்றி, ‘சட்னி வைக்கவா?’ என்று கேட்டு வைக்கச் சொன்னோம். திரும்பக் கேட்டால் தாராளமாக ஊற்ற வேண்டும் என்றும் சொன்னோம். இரண்டாவது வாரமே அந்தப் பக்கெட் பாதியாகிவிட்டது. சட்னியில் கஞ்சத்தனம் என்று யாரும் புகார் செய்யவில்லை, கேட்டுப் பரிமாறுகிறார்கள் என்றுதான் சொன்னார்கள்.

குறைத்தது போக மிஞ்சுவதற்குச் சாண எரிவாயு போல உணவுக்கழிவு எரிவாயுக் கலன் வைக்கலாம். நாளுக்கு 50 கிலோ கழிவு போட்டால் சுமார் 5 கன மீட்டர் வாயு வரும். அது இரண்டு, இரண்டரை கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று எட்டு, ஒன்பது நாளுக்கு ஒரு முறை மிச்சமாகும். கணக்கு சரிதான், ஆனால் நான் பார்த்த கலன்களில் பாதிக்குமேல் இரண்டு வருடத்தில் நின்றுபோயிருந்தன. எலுமிச்சைத் தோலைக் கொட்டிப் புளிக்க வைத்துவிடுவார்கள், அல்லது தினமும் ஊட்டிக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார். பொறுப்பான ஒருவர் இருக்கிறார் என்றால் மட்டும் வையுங்கள். உங்கள் இடத்தில் நாளுக்குச் சராசரி 100 கிலோ குப்பைக்கு மேல் போனால், திடக்கழிவு விதிகள் உங்களைப் பெருமளவு கழிவு உண்டாக்குபவராகவே பார்க்கின்றன, அதையும் கவனியுங்கள். வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெயில் போலார் கலவைகள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. அந்த எண்ணெயைத் தள்ளுவண்டிக்காரருக்கு விற்காதீர்கள். பயோடீசல் தயாரிக்க வாங்கிச் செல்லும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள். இதில் பேரம் பேசவே கூடாது, யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் போகிற விஷயம்.

பார்சலைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. பிளாஸ்டிக்குக்குப் பதில் பிளாஸ்டிக் பூசிய காகித டப்பாவுக்கு மாறுவதில் பெரிய பலன் இல்லை. தூக்குவாளி கொண்டுவருபவருக்கு விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம். பக்கத்துக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தினமும் சாப்பாடு போகிறதென்றால், எவர்சில்வர் கேரியரை முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். முன்பணம் வேலை செய்யுமா என்ற சந்தேகத்துக்கு நீலகிரி நல்ல சாட்சி. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. காட்டில் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த கண்ணாடி அது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். ஆனால் கடை ஊழியர்கள் இந்தத் திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுவது, வாங்கி அடுக்குவது, இடமில்லாத கடையில் நாற்றத்தோடு நிற்பது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

இது உங்களுக்கும் அப்படியே பொருந்தும். லாட்ஜில் நீங்கள் கொண்டுவரும் எந்த மாற்றமும் கடைசியில் ரூம் பாய், பாத்திரம் தேய்க்கும் அம்மா, சலவைக்காரர் ஆகியோரின் கையில்தான் நிற்கும். குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறீர்கள் என்றால், அது அவருக்குத் தினமும் அரைமணி நேரக் கூடுதல் வேலை. அதற்குக் கூலி கொடுங்கள். மிச்சமான தொகையில் ஒரு பங்கை மாதாமாதம் பிரித்துக் கொடுக்கும் லாட்ஜ்களில், ஆள் இல்லாத அறையில் ஏ.சி. ஓடுவதை நான் பார்த்ததே இல்லை. எந்த அறையில் குழாய் சொட்டுகிறது என்று முதலாளிக்கு ஒருநாளும் தெரியாது, ரூம் பாய்க்கு முதல் நாளே தெரியும்.

கடைசியாக, எனக்குச் சந்தேகம் உள்ளவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘பசுமை ஹோட்டல்’ என்று போர்டு மாட்டினால் வாடிக்கையாளர் கூடுதல் வாடகை தருவார் என்று யாராவது சொன்னால் நம்பி முதலீடு செய்யாதீர்கள். கருத்துக்கணிப்பில் தருவேன் என்பவர்கள், ஆப்பில் அறை தேடும்போது விலையைத்தான் பார்க்கிறார்கள் என்பது நான் பேசிய முதலாளிகள் எல்லோரும் சொன்னது. மரம் நட்டுக் கார்பனை ஈடுகட்டுகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் கொடுக்கும் தொகையை, உங்கள் ஃப்ளஷ் வாஷருக்கும் கசியும் ஏ.சி.க்கும் முதலில் செலவழிப்பேன். அதன் பலனை நீங்களே மீட்டரில் பார்க்கலாம். மிச்சமாகும் தொகையிலிருந்தே தங்கள் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் பெரிய மருத்துவமனைகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் நன்றாகப் பயன்படுகின்றன. 40 அறை லாட்ஜுக்கு வருவதற்கு அவை தயங்கும். வந்தாலும், ‘முன்பு எவ்வளவு ஆனது’ என்ற அடிப்படைக் கணக்கில் தகராறு வரும். உங்கள் லெட்ஜரில் அந்தக் கூடுதல் கட்டம் ஒரு வருடம் ஓடியிருந்தால் தகராறுக்கு இடமிருக்காது.

ஆகவே சோலார்காரருக்கு முன்பணம் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். இந்த வாரம் ஒரு ராத்திரி 2 மணிக்கு மாடியில் குச்சியை விட்டுப் பாருங்கள். மூன்று பக்கெட்டின் ஏழு நாள் எடை, போன வருடம் எத்தனை முறை எந்த அறைக்கு ஏ.சி. கேஸ் நிரப்பினீர்கள் என்ற ரசீதுகள், 12 மாத மின்கட்டண அட்டை, அந்தந்த மாதம் ஆள் தங்கிய அறை-இரவுகள் ஆகியவற்றை இங்கேயே எழுதுங்கள். மாடியில் எத்தனை கிலோவாட் போடலாம் என்பதை அதை வைத்துக்கொண்டு பேசலாம்.